யானைக்கும் அடி சறுக்கியது: ஜம்போ விமானி வான் சாண்டன் கதை

1977-ம் ஆண்டு மார்ச் மாதம் 27-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

ஹாலந்து நாட்டு விமானக் கம்பெனியான கே.எல்.எம்.முக்கு அன்று ஒரு துயரச் செய்தி வந்தது. கம்பெனியின் ஜம்போ ஜெட் விமானம் ஒன்று கானரித் தீவுகளில் பெரும் விபத்துக்கு ஆளாகிவிட்டது என்பதே அந்தச் செய்தி.

விசாரணைக்கு உடனே ஒரு நிபுணரை அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது? அதிகாரிகளுக்கு ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. ஜம்போ விமானம் என்றால் அந்தக் கம்பெனியில் முதலில் சொல்லப்படும் பெயர் அது. அவர் எங்கே இருக்கிறார் என்று தேடினார்கள்.

பிறகு உண்மை தெரிந்தது. விபத்துக்குள்ளான விமானத்தை ஓட்டிச் சென்றவரே அவர்தான்!

அவர் பெயர் யாகோப் வெல்தாய்சன் வான் சாண்டன். அன்றைய விபத்தில் அவரும் மாண்டார். அவரையும் சேர்த்து 583 பேர் மாண்டார்கள். விமான விபத்துகளில் இத்தனை உயிர்களைக் கொண்ட விபத்து அதற்கு முன்பும் நடந்ததில்லை. அதற்குப் பின்பும் நடந்ததில்லை. அதுவும் அது ஆகாயத்தில் நடக்கவில்லை. தரையில், ஓடுபாதையில் நடந்தது.

மலர்கள் பூக்கும் ஊர்

வான் சாண்டன் 1927-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, ஹாலந்தில் லிஸ்ஸே என்ற ஊரில் பிறந்தார். வசந்த காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை டூலிப் மலர்கள் பூத்துக் கிடக்கும் பிரதேசம் அது.

அவர் பெயரில் உள்ள வான், நம்முடைய வானம் அல்ல. இன்ன இடத்தைச் சேர்ந்தவர் என்று காட்டுவதற்காக டச்சுக்காரர்கள் பெயருக்கு முன்னால் சேர்க்கும் சொல் அது. ஆனாலும் அவர் வாழ்க்கை வானத்தில்தான் கழிந்தது.

அவர் ஊருக்குச் சற்றுத் தூரத்தில் ஸ்கிபோல் விமான நிலையம் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த இடம் ஒரு பெரிய ஏரி. தண்ணீரை இறைத்து வற்றவைத்து நிலமாக்கினார்கள். கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் அந்தத் தரையிலிருந்துதான் கே.எல்.எம். விமானங்கள் உலகெங்கும் பறக்கின்றன.

வான் சாண்டனுக்கு 13 வயது நடந்தபோது ஜெர்மானியப் படைகள் ஹாலந்துக்குள் புகுந்தன. அவருக்கு 18 வயதானபோதுதான் நாடு விடுதலை அடைந்தது. சண்டை ஓய்ந்து இரண்டு ஆண்டுகளில், 1947-ல், அவர் சிறு விமானம் ஓட்டும் உரிமம் பெற்றுவிட்டார். 1950-ல் வர்த்தக விமானம் ஓட்டும் உரிமமும் கிடைத்தது. பிறகு கே.எல்.எம். கம்பெனியில் சேர்ந்தார்.

அவர் படிப்படியாக மேலே வந்தார். விசிறி வைத்த விமானங்கள் போய் ஜெட் விமானங்கள் வந்தன. 1971-ல் கே.எல்.எம். கம்பெனிக்கு போயிங் 747 என்ற ஜம்போ ஜெட் விமானங்கள் வந்து சேர்ந்தன. பாரம் ஏற்றினால் 300 டன்னுக்கு மேல் எடை இருக்கும். அப்படிப்பட்ட ராட்சத விமானத்தை எல்லாரிடமும் ஒப்படைத்துவிட முடியுமா? அதை ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பயிற்சிப் பிரிவின் தலைமைப் பொறுப்பு வான் சாண்டனைத் தேடி வந்தது.

ஆசான்

அவர் அதிகம் பேசாதவர். நிறையப் படிப்பவர். ஆனால் பழகுவதற்கு நல்லவர். விமானத்தில் சுமார் 11,700 மணி நேரம் பறந்த அனுபவம் அவருக்கு இருந்தது. கம்பெனியின் விளம்பரங்களிலும் அவர் படம்தான் வந்தது. விமானி ஆசனத்தில் அமர்ந்து புன்முறுவல் பூத்த அந்த முகத்தைப் பார்த்தாலே பிரயாணிகளுக்குத் தைரியம் பிறக்கும்.

ஆசானாக இருந்ததால் அவர் ஊருக்கு ஊர் பறப்பது குறைந்தது. பயிற்சி இயந்திரத்தில்தான் அதிக நேரம் கழிந்தது. அது தரையிலேயே நிற்கும் ஒரு போலி விமானம். உள்ளே விசை, பொத்தான் எல்லாம் நிஜ விமானத்தில் இருப்பது போலவே இருக்கும். புயல் அடிப்பது போலவும் என்ஜின் பழுதாவது போலவும் செய்து காட்டி, மாணவனைப் பழக்குவார்கள்.

நிஜ விமானம் கிளம்புவதற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ரேடியோவில் உத்தரவு வர வேண்டும். பயிற்சி இயந்திரத்தில் கோபுரம் ஏது? அங்கே ஆசான்தான் கோபுர அதிகாரி. அவர் கிளம்பு என்றால் மாணவன் கிளம்புவான். பல சமயங்களில் உத்தரவே இல்லாமல் பயிற்சி நடந்துவிடும். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெடித்தது குண்டு

அந்த ஞாயிறன்று வான் சாண்டன் ஸ்கிபோலிலிருந்து விமானத்தைக் கிளப்பினார். விமானத்துக்கு ரைன் நதியின் பெயர் வைத்திருந்தார்கள். பிரயாணிகளில் பெரும்பாலோர் விடுமுறையைக் கழிக்கப் புறப்பட்டவர்கள். குழந்தை குட்டிகளோடு வந்தவர்களும் உண்டு.

அவர்கள் போக வேண்டிய இடம் கிரான் கானரியா. ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கானரித் தீவுகளில் அது ஒன்று.

விமானம் பறந்துகொண்டிருந்தபோதே கிரான் கானரியா விமான நிலையத்தில் ஒரு பூக்கடையில் குண்டு வெடித்தது. கானரித் தீவுகளுக்குத் தனி நாடு கேட்ட ஒரு கூட்டத்தாரின் வேலை அது. இன்னொரு குண்டும் இருக்கிறது என்ற மிரட்டல் வந்தது. நிலையத்தை மூடிவிட்டார்கள். வந்துகொண்டிருந்த விமானங்களையெல்லாம் பக்கத்துத் தீவான டெனரீபுக்குத் திருப்பிவிட்டார்கள்.

டெனரீபில் லாஸ் ரோடியோஸ் என்ற சிறு நிலையம் இருந்தது. ஒரே ஓடுபாதை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,000 அடி உயரத்தில், மலைகளுக்கு இடையே இருப்பதால் மேகமே தரையில் இறங்கி வந்து கவிந்துகொள்ளும். வந்து இறங்கிய விமானங்களை நிறுத்த இடம் போதவில்லை. ஓடுபாதைக்குப் போகும் பக்கச் சாலையிலேயே வரிசையாக நிறுத்தினார்கள்.

வான் சாண்டனின் விமானத்துக்குப் பின்னால் அமெரிக்கக் கம்பெனியான பான் அமெரிக்கனின் ஜம்போ விமானம் வந்து நின்றது. 1970-ல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு, உலகிலேயே முதன்முதலாகப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற ஜம்போ விமானம் அதுதான். அன்று அதில் 396 பேர் இருந்தார்கள். உல்லாசக் கப்பலில் ஏறுவதற்காக வந்த வயதானவர்கள் பலர்.

கடிகாரம் துரத்தியது

கிரான் கானரியா நிலையம் மீண்டும் திறந்தது. ஆனால் வான் சாண்டனுக்கு ஒரு கவலை. ஒரு விமானி ஒரே நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்கு ஹாலந்தில் அப்போதுதான் கடுமையான சட்டம் வந்திருந்தது. நேரம் கடந்தால் விமானி மீது வழக்கே வரலாம். நேரத்துக்குள் புறப்படாவிட்டால் அன்றிரவு ஆம்ஸ்டர்டாம் திரும்ப முடியாது. இத்தனை பிரயாணிகளுக்கும் தீவில் தங்க இடம் தேட வேண்டும்.

கிரான் கானரியாவில் கூட்டம் அதிகமாக இருக்கும், அங்கே எண்ணெய் போட நேரமாகும் என்று எண்ணி, டெனரீபிலேயே எண்ணெய் நிரப்பச் சொன்னார். 55,500 லிட்டர் ஏறியது.

பின்னால் நின்ற அமெரிக்க விமானம் புறப்படத் தயாராக இருந்தது. ஆனால் வழியில் டச்சு விமானம் நின்றது. அமெரிக்கச் சிப்பந்திகள் இறங்கிப் போய் இடைவெளியை அளந்து பார்த்தார்கள். 12 அடி போதவில்லை! எண்ணெய் நிரம்பும் வரை காத்திருந்தார்கள். அந்த 12 அடி இருந்திருந்தால் அவர்கள் முன்பே போயிருப்பார்கள்.

இதற்குள் மலையிலிருந்து மூடுபனி இறங்கிவிட்டது.

கண்ணை மறைத்த பனி

பக்கச் சாலையை விமானங்கள் அடைத்துக்கொண்டிருந்ததால், ஓடுபாதையிலேயே கடைசி வரை சென்று, அங்கே திரும்பி நின்று கிளம்பும்படி டச்சு விமானத்துக்கு உத்தரவாயிற்று. அதன் பின்னாலேயே அமெரிக்க விமானமும் அதே ஓடுபாதையில் செல்ல வேண்டும். இடது பக்கத்தில் மூன்றாவது கிளை வழியில் விலகிவிட வேண்டும் என்று கோபுரத்தில் சொன்னார்கள்.

மூன்றாவது கிளை வழி பின்புறமாகக் கூர்மையாக வளைந்து சென்றது. அவ்வளவு பெரிய விமானத்தை அதில் திருப்புவது எளிதல்ல. பனியில் வழியும் சரியாகத் தெரியவில்லை. அமெரிக்க விமானம் அதைத் தாண்டி நான்காவது வழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கோபுரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு விமானங்களும் தெரியவில்லை. விமானிகளுக்கு ஒருவரை ஒருவர் தெரியவில்லை. தரையில் நகரும் விமானத்தைக் காட்டும் ராடார் அந்த நிலையத்தில் இல்லை. எல்லாருக்கும் ரேடியோ ஒன்றே துணை. கண் போன பிறகு காதை நம்பித்தானே நடக்க வேண்டும்?

ஒரு சொல்லில் வந்த வினை

மாலை மணி 5-ஐக் கடந்து சில நிமிஷங்கள். வான் சாண்டன் ஓடுபாதையின் கோடியில் விமானத்தைத் திருப்பி நிறுத்தினார். உடனே என்ஜின் விசையை முன்னுக்குத் தள்ளினார். கோபுரத்தின் அனுமதி இன்னும் வரவில்லையே என்று துணை விமானி நினைவூட்டினார். தெரியும், கேளுங்கள் என்றார் வான் சாண்டன்.

துணை விமானி கோபுரத்தைக் கேட்டார். கோபுர அதிகாரி பதில் சொன்னார். ஆனால் அவர் சொன்னது கிளம்பிய பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்பதைத்தான். கிளம்பலாம் என்ற உத்தரவு அதில் இல்லை. ஆயினும் கிளம்புவது என்ற சொல் அதில் வந்தது. காத்துக் காத்து அலுத்த காதுக்கு அது போதுமானதாயிற்று.

துணை விமானி அந்த வழி விவரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வான் சாண்டன் தடையை விடுவித்துவிட்டார். விமானம் நகர்ந்தது. துணை விமானி அவசரம் அவசரமாக, கிளம்பும் நிலையில் இருக்கிறோம் என்றும், கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றும் இரண்டு விதமாகப் பொருள்படும்படி பேச்சை முடித்தார்.

டச்சு விமானம் தயாராக நிற்கிறது என்று எண்ணிய கோபுர அதிகாரி, சரி என்று சொல்லிவிட்டு, காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். அதே வினாடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாக அமெரிக்க விமானி ரேடியோவில் அறிவித்தார்.

ஒரே அலையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் என்ன ஆகும்? கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். டச்சு விமானத்தில் சரி என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. உயிரைக் காத்திருக்கக்கூடிய இரண்டு செய்திகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டன.

கேட்டார் ஒருவர்

ஆனாலும் விதி இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுத்தது.

ஓடுபாதையை விட்டு விலகியதும் சொல்லுங்கள் என்று கோபுர அதிகாரி அமெரிக்க விமானிக்குக் கூறினார். சொல்கிறோம் என்று அவர் பதில் அளித்தார். டச்சு விமானத்தில் இருந்த மூன்று பேரில் விமான என்ஜினீயர் மட்டும் இதைக் கவனித்தார். அந்த அமெரிக்க விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார்.

விலகிவிட்டது என்று அழுத்தந்திருத்தமாகப் பதில் வந்தது. என்ஜினீயர் அதற்கு மேல் கேட்கவில்லை.

துணை விமானியும் வாய் திறக்கவில்லை. ஜம்போ விமானத்தில் அவருடைய அனுபவம் 95 மணி நேரம்தான். சுமார் இரண்டு மாதத்துக்கு முன் அவரைப் பரீட்சித்து, ஜம்போ விமானம் ஓட்டத் தகுதி உள்ளவர் என்று தேர்வு செய்ததே வான் சாண்டன்தான். பரீட்சை வைத்த ஆசானை நிறுத்துங்கள் என்று சொல்ல எந்த மாணவனுக்கு நா எழும்?

சில வினாடிகள் சென்றன. பனிக்குள்ளிருந்து அமெரிக்க விமானம் எதிரே குறுக்காகத் தெரிந்தது. அமெரிக்க விமானிகளும் பாய்ந்து வரும் விளக்குகளைக் கண்டு, பாதையை விட்டு இடது பக்கம் விலகத் துடித்தார்கள். வான் சாண்டன் விமானத்தை மேலே தூக்கினார். வால் தரையில் உராய்ந்து தீப்பொறி பறந்தது. விமானம் எழும்பியது. ஆனால் எண்ணெய்ப் பாரம்! போதிய உயரம் எழும்ப முடியவில்லை. அமெரிக்க விமானத்தின் மேல்பாகத்தைக் கிழித்துக்கொண்டு அப்பால் போய் விழுந்தது.

நிரப்பிய எண்ணெய் அத்தனையும் தீப்பிடித்தது. டச்சு விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அமெரிக்க விமானத்தில் 335 பேர் மாண்டார்கள். 61 பேர் தப்பினார்கள். தீயணைப்புப் படையினர் முதலில் டச்சு விமானத்தின் தீயை மட்டுமே கண்டார்கள். பனியில் இன்னொரு விமானமும் எரிகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

டச்சு விமானத்தில் வந்த ஒரு பெண்மணி அந்தத் தீவிலேயே வசிப்பவர். வீட்டுக்குப் போகலாம் என்று டெனரீபிலேயே தங்கிவிட்டார். அவர் ஒருவர்தான் மிஞ்சினார்.

வான் சாண்டனுக்கு அப்போது வயது 50.

யார் குற்றம்?

ஸ்பெயின் அரசாங்கம் விசாரணை நடத்தியது. அமெரிக்கரும் டச்சுக்காரரும் அதில் பங்குகொண்டார்கள். உத்தரவு இல்லாமல் வான் சாண்டன் விமானத்தைக் கிளப்பியதே மூல காரணம் என்று அறிக்கை கூறியது. டச்சுக்காரர்கள் இதை முழுவதும் ஒப்பவில்லை. ரேடியோப் பேச்சின் குழப்பத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு என்றார்கள். ஆயினும் கே.எல்.எம். கம்பெனி பொறுப்பை ஏற்று நஷ்ட ஈடு கொடுத்தது.

ஒருவர் மேல் பழி போட்டுவிட்டுக் கோப்பைக் கட்டி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாததுதான் இந்தக் கதையில் நல்ல பாகம். இத்தனை அனுபவமுள்ளவரே தவறினார் என்றால், நாளைக்கு யாரும் தவறலாம். அப்படியானால் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும் என்று உலகம் முடிவு செய்தது.

பேச்சு மாறியது

முதலில் ரேடியோப் பேச்சைத் திருத்தினார்கள். கிளம்புவதற்கான ஆங்கிலச் சொல்லை, உத்தரவு கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே கோபுர அதிகாரி உச்சரிக்க வேண்டும். மற்ற நேரத்தில் புறப்பாடு என்று பொருள்படும் வேறு சொல்லைப் பயன்படுத்த வேண்டும். வெறுமனே சரி என்று சொன்னால் போதாது. முக்கியமான உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதிகாரி அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

நாளடைவில் பெரிய நிலையங்களில் தரை ராடார் வந்தது. ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு விளக்குகள் வந்தன. டெனரீபின் தென்பகுதியில், பனி அதிகம் இல்லாத இடத்தில் 1978-ல் ஒரு புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது.

பழக்கம் மாறியது

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் விமானி அறைக்குள் நடந்தது.

அதுவரை தலைமை விமானி வைத்ததே சட்டம். 1979-ல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்தது. டெனரீபில் மட்டுமல்ல, வேறு பல விபத்துகளிலும் அறையில் இருந்த ஒருவருக்கு ஆபத்து தெரிந்திருந்தது, ஆனால் அவர் தயங்கினார், அல்லது அவர் சொன்னதை மேலே உள்ளவர் காதில் வாங்கவில்லை என்பது புலப்பட்டது.

1981-ல் யுனைடெட் என்ற அமெரிக்க விமானக் கம்பெனி ஒரு புதுப் பயிற்சியைத் தொடங்கியது. சந்தேகம் வந்தால் சின்னவர் தயங்காமல் சொல்ல வேண்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும். பெரியவர் கோபிக்காமல் கேட்க வேண்டும் என்பதே அந்தப் பயிற்சியின் சாரம். இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்கு அது கட்டாயம். ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்யும் டாக்டர்களும் நர்சுகளும்கூட இந்தப் பாடத்தைக் கற்கிறார்கள்.

ஆபத்து அடியோடு ஒழிந்துவிட்டதா? இல்லை. 2024-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி ஜப்பானில் டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இப்படியே ஒரு மோதல் நடந்தது. பூகம்ப நிவாரணப் பொருள்களோடு புறப்பட இருந்த கடலோரக் காவல் விமானம், ஓடுபாதைக்கு வரலாம் என்று உத்தரவு கிடைத்துவிட்டதாக எண்ணி உள்ளே நுழைந்தது. இறங்கி வந்த பெரிய விமானம் அதன்மேல் மோதியது. காவல் விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் மாண்டார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தீ பரவுவதற்குள் இறங்கித் தப்பினார்கள்.

உத்தரவைத் தவறாக எண்ணிக்கொள்ளும் மனித இயல்பு மாறவில்லை. அதனால்தான் காவலும் ஓயக் கூடாது.

டெனரீபில் ஒரு குன்றின்மேல், மேலே ஏறும் படிக்கட்டைப் போன்ற சுருள் வடிவில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. விபத்து நடந்து 30 ஆண்டுகள் நிறைந்த நாளில், 2007-ல் அதைத் திறந்து வைத்தார்கள்.

வான் சாண்டன் கெட்டவர் அல்லர். அலட்சியக்காரரும் அல்லர். கற்றவர், உழைத்தவர், பேர் பெற்றவர். அன்று அவருக்கு அவசரம் இருந்தது; களைப்பு இருந்தது; சுற்றிலும் பனி இருந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று. தடையைப் போடுங்கள், இன்னொரு தடவை கேட்டுவிடலாம் என்று உறுதியாகச் சொல்ல ஒரு குரல் இல்லாமல் போயிற்று.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தின் விலை 583 உயிர்கள்.

விமானத்துக்கு மட்டுமா இது பொருந்தும்? வீட்டிலும் தொழிற்சாலையிலும் பெரியவர் செய்வதில் ஏதோ தவறு இருப்பதாகச் சின்னவருக்குத் தோன்றினால், மரியாதையோடு சொல்லிவிட வேண்டும். சொன்னவரை அதட்டாமல் ஒரு கணம் நின்று பார்ப்பது பெரியவருக்கு அழகு. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கும் நேரத்தில் சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இருந்தால், யானையும் பிழைக்கும். அதன் முதுகில் இருப்பவர்களும் பிழைப்பார்கள்.